இரண்டு டப்பாவும் ஒரு விரதமும்

பிப்ரவரி 8, ஞாயிறு

வள்ளி கும்மிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கும்மி ஆண்களுக்கு மட்டும்தான். அப்பா ஆடுவதைத் தூரத்தில் நின்று பார்த்து, வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகையில் தனியாக ஆடியிருக்கிறேன். பார்த்தது எருமை மட்டும். இப்போது பெண்களும் ஊர் கூடி ஆடுகிறோம். ஐம்பத்தேழு வயதில் எனக்கும் வேளை வந்திருக்கிறது, விடுவேனா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்காமலே கேட்டார்.

"பேரு குடுத்தியே துளசி, முட்டியக் கேட்டியா?"

வாய்க்கொழுப்பு. இவர் பால் சொசைட்டியில் நாற்பது வருஷம் அடுத்தவர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தவர். எதைக் கண்டாலும் சந்தேகம்தான்.

முட்டியைக் கேட்க வேண்டியதில்லை, அதுவே பேசும். வாசலில் இருப்பது இரண்டே படி. சுவரைப் பிடிக்காமல் இறங்க முடியவில்லை. போன மாதம் டாக்டர் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்றார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, தொடைச் சதைக்குப் பலம் வர தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குங்கள் என்று செய்தும் காட்டினார். யார் உட்கார்ந்து நீட்டி மடக்குவது? வேலை இல்லாதவர்கள் செய்யட்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் நாள் பயிற்சி. நாச்சிமுத்து வாத்தியார் மைக்கைப் பிடித்துப் பாட, நாங்கள் வட்டமாக நின்று அடி வைத்தோம். மெதுவான பாட்டுக்கெல்லாம் சமாளித்துவிட்டேன். கடைசியில் வருகிற கல்யாணக் கும்மிதான் ஆளைக் கொல்கிறது. குனிந்து, நிமிர்ந்து, துள்ளித் திரும்ப வேண்டும். மூன்றாவது சுற்றில் முட்டிக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள்.

வாத்தியார் பார்த்துவிட்டார். "முட்டி வலிக்கற அம்மிணிகெல்லாம் கல்யாணக் கும்மிக்கு ஓரமா உக்கோந்து தாளம் போடலாமுங்க. தப்பொண்ணும் இல்லீங்க."

முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் நடக்கும்போது நான் ஓரமாக உட்கார்ந்திருப்பதா? மாட்டேன். நின்று ஆடுவேன். அதற்கு என்ன வழி என்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. அடுத்த தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் லாவண்யாவிடம் புருவம் திருத்தப் போனேன். அவள் கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து வைத்தாள். ஒன்று கொலாஜன். இன்னொன்று பெப்டைடு.

"கொலாஜன் செங்கல்லுங்க்கா, பெப்டைடு கொத்தனாரு. ரெண்டையும் ஒட்டுக்கா குடிக்கோணும். முட்டியும் சரியாவும், மூஞ்சியும் மின்னும். ஒண்ண மட்டும் குடிச்சா சுவரு எந்திரிக்காதுங்க்கா."

எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள்! இரண்டையும் வாங்கிவிட்டேன். முட்டிக்காகத்தான் வாங்கினேன். முகம் மின்னினால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்.

இவர் இரண்டு டப்பாவையும் திறந்து மோந்து பார்த்தார். இரண்டிலும் ஆரஞ்சு வாசம். "ஒரே மாட்டுப் பால ரெண்டு கேன்ல ஊத்தி வெச்சாப்பல இருக்குது," என்றார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மூன்று நாளாகக் குடிக்கிறேன். ஆரஞ்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேறு ஏதோ ஒரு வாடை அடிக்கிறது. மருந்தென்றால் அப்படித்தான் இருக்கும். மத்தியானம் மட்டன் குழம்பு.

பிப்ரவரி 17, செவ்வாய்

கண்ணாடியில் பார்த்தேன். அதே நான்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று கோயிலில் காப்புக் கட்டினார்கள். இனி அரங்கேற்றம் முடியும்வரை மீன், கறி, முட்டை எதையும் தொடக்கூடாது. சாமி கதையைக் கவிச்சி வாயோடு ஆடக்கூடாது என்பது வாத்தியாரின் கட்டளை. விரதம் தப்பினால் அந்த வருஷம் வட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. எல்லாரும் கையில் மஞ்சள் கட்டி, சத்தியம் செய்துவிட்டு வந்தோம்.

"நானுமா?" என்றார் இவர். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் முதல் ஆளாக நிற்பவர்.

"அடுப்பு ஒண்ணுதானுங்களே. ஏனுங்க, நீங்களே கண்ணாடியப் போட்டுக்கிட்டு அலமாரியில ஒவ்வொரு பொட்டலமாப் பார்த்து, அசைவக் குறி இருக்கறத எல்லாம் வெளிய தாட்டிவிடுங்க. ஒண்ணு விடக்கூடாது."

சந்தேகக்காரருக்கு ஏற்ற வேலை. மத்தியானம் முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. முட்டை அடுத்த வீட்டுக்குப் போனது. கருவாட்டு ஜாடி போனது. சூப் பொடி போனது. முட்டை சேர்த்த பிஸ்கட்டைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார். கடைசியில் நான் எட்டிப் பார்த்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துளசி, உன்ர மருந்து இன்னும் எத்தன நாளைக்கு வரும்?"

"அரங்கேத்தம் முட்டும் வருமுங்க. ஏனுங்க?"

"இதக் குடிச்சா முட்டி சரியாவுமுன்னு நெசமாலுமே நம்பறயா?"

"நம்பறனுங்க. அதக் குடிச்சுத்தான் கல்யாணக் கும்மி ஆடப்போறேன்."

உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். ஒரு பையோடு திரும்பினார். என்ன என்று கேட்டால், எங்கள் நாய் வெள்ளையனுக்கு என்கிறார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரண்டு அதிசயம். முதலாவது, மருந்தில் அந்த வாடை போய்விட்டது. நல்ல தித்திப்பு. விரதம் இருந்தால் நாக்கு சுத்தமாகும் என்பார்கள், இப்போதுதான் நம்புகிறேன்.

இரண்டாவது, இப்போது மருந்தை இவரே கலக்கிக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார். கல்யாணமான நாள் முதல் இந்த மனுஷன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நீ சரியான அளவில் கலக்க மாட்டாய், நான் அளவு பார்த்தே தலை நரைத்தவன் என்றார்.

"அப்பறம், டப்பாவுல ஒண்ணு போட்டிருக்குது. குடிச்ச கையோட நாக்காலியில உக்கோந்து கால நீட்டி நீட்டி மடக்கோணுமாமா. இல்லீன்னா மருந்து முட்டிக்கு எறங்காதாமா."

டப்பாவில் போட்டிருந்தால் செய்யத்தானே வேண்டும். செய்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

டப்பாவில் இன்னொன்றும் போட்டிருக்கிறதாம். சாயங்காலம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டுமாம். இவரே சூடு பண்ணித் தேய்த்துவிட்டார். அந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருக்கட்டும்.

மார்ச் 1, ஞாயிறு

வெள்ளையனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வருஷமாகப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு கேட்டருகே கிடக்கிற நாய். திருடன் வந்தால் வழி காட்டுவான் என்று இவர் கேலி செய்வார். இன்றைக்கு எழுந்து கேட் வரை போய்ப் பேப்பர் போடுகிறவரைப் பார்த்துக் குரைத்தான். பேப்பர்காரர் பயந்து பேப்பரைச் சாக்கடையில் போட்டுவிட்டார். வெயில் காலம் வருகிறது, உடம்பு சூடேறியிருக்கும்.

மார்ச் 5, வியாழன்

சுவரைப் பிடிக்காமல் இரண்டு படியும் இறங்கினேன்! மறுபடி ஏறி, மறுபடி இறங்கினேன். இவர் ஜன்னலில் நின்று பார்த்தார். நான் பார்த்ததும் பேப்பர் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

பயிற்சியில் என் பக்கத்தில் நின்று ஆடும் பாவாத்தாள் கேட்டாள். "ஏனக்கா, மூஞ்சியெல்லாம் பளபளன்னு இருக்குது. என்ன போடறீங்கொ?" சந்தனம் என்றேன். ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கென்ன மரியாதை?

மார்ச் 10, செவ்வாய்

மூங்கில் கூடை முடைகிறவர் வந்தார், இரண்டு முறம் வாங்கினேன். பச்சை ரவிக்கை கையில் ஏற மாட்டேன் என்கிறது. கறி இல்லை, முட்டை இல்லை, எங்கிருந்து சதை வருகிறதோ தெரியவில்லை.

வெள்ளையன் என் மடியில் தலை வைத்துப் படுத்தான். முடியெல்லாம் பட்டு மாதிரி ஆகியிருக்கிறது. வாயில் ஆரஞ்சு வாசம். பக்கத்து வீட்டில் பழத்தோலை வெளியே கொட்டியிருப்பார்கள், சொல்ல வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இவர் கறிக்கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக மளிகைக் கடைக்குப் போய்வருகிறார். பாவமாகத்தான் இருக்கிறது. கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிக் கறி மசாலா போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

கல்யாணக் கும்மியை முழுதாக ஆடிவிட்டேன். முழுதாக! துள்ளித் திரும்பினேன், முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் மைக்கிலேயே சொன்னார். "துளசிமணியம்மா முன்வரிசைக்கு வாங்கொ."

பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் முன்வரிசை கொடுத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அரங்கேற்றத்துக்கு மாம்பழ மஞ்சள் சேலை, அரக்குக் கரை. வாத்தியாரிடம் வாங்கி வைத்தாகிவிட்டது.

மார்ச் 26, வியாழன்

இவர் காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். போனை வழக்கம்போல அணைத்து வைத்திருக்கிறார். எனக்கு யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல இருக்கிறது. யாரும் இல்லை, எழுதுகிறேன்.

காலையில் ஓசூரிலிருந்து மகள் சுகன்யா வீடியோவில் பேசினாள். சேலையைக் காட்டினேன். முகம் பார், முட்டி பார் என்று பெருமையடித்து, இரண்டு டப்பாவையும் எடுத்துக் காட்டினேன். அவள் மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறவள். கிட்டக் காட்டு என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, கொலாஜனச் சின்னச் சின்னதா வெட்டுனாத்தாம்மா இந்தப் பெப்டைடு. ரெண்டு டப்பாவுலயும் ஒண்ணேதான் இருக்குது. செங்கல்லும் இல்ல, கொத்தனாரும் இல்ல. லாவண்யாக்கா உன்னய ஏமாத்திட்டாங்க."

"முட்டி நல்லாயிருச்சே கண்ணு."

"சில பேருக்குக் கொஞ்சம் நல்லாருக்குதுங்கறாங்கம்மா. எல்லாத்துக்கும் அப்படின்னு சொல்ல முடியாது. சரி, நீ விரதமுன்னு சொன்னியே, அது முடிஞ்சுதா?"

"ஞாயித்துக்கெழமதான் முடியுது. எதுக்குக் கேக்கற?"

அவள் முகம் மாறிவிட்டது. சொல்ல மாட்டேன் என்றாள், பிறகு சொன்னாள். ஒரு டப்பா மீன் தோலிலிருந்து எடுத்தது. இன்னொன்று மாட்டுத் தோலிலிருந்து. கொலாஜன் செடியில் காய்ப்பதில்லையாம்.

மீன். மாடு. மஞ்சள் கட்டிய கையால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் முருகா என்று சொல்லிக் குடித்திருக்கிறேன். கருவாட்டு ஜாடியை வெளியே அனுப்பிய நான்! இவரைக் கத்தரிக்காயில் மசாலா போட்டு ஏமாற்றிய நான்!

தெரியாமல் செய்ததுதானே என்று சுகன்யா சொல்கிறாள். தெரியாமல் புளி விழுந்தாலும் பால் திரிந்தது திரிந்ததுதான். முன்வரிசையில் நின்று சாமியை ஏமாற்ற என்னால் முடியாது. சாயங்காலம் போய் வாத்தியாரிடம் சொல்லிவிட்டுச் சேலையைக் கொடுத்துவிடப் போகிறேன். ஆசை ஆசையாக ஆடினேன். எருமை மட்டும் பார்த்தது போதும் என்று முருகன் நினைத்துவிட்டான்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. நேற்று முதலில் அழுதேன், பிறகு சண்டை போட்டேன், பிறகு சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. பேனா பிடிக்க நேரமில்லை.

சேலைப் பையோடு மைதானத்துக்குப் போனேன். பாட்டை நிறுத்தச் சொன்னேன். அத்தனை பெண்களுக்கு நடுவில் நின்று, சந்தனம் என்று சொன்னது பொய், டப்பா மருந்து குடித்தேன், அது மீனும் மாடும், விரதம் தப்பிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் மைக்கைக் கீழே வைத்தார். நான் சேலையை அவர் பக்கத்தில் வைத்தேன். அழக்கூடாது என்றுதான் போனேன். அழுதுவிட்டேன்.

அப்போது மொபெட் சத்தம். இவர் கல்யாண வேட்டியோடு வந்து குதித்தார். வீட்டுக்கு வந்து போனை ஆன் செய்ததும் சுகன்யா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"வாத்தியாருங்க, அவ குடிக்கவே இல்லீங்க!"

"நாந்தானுங்க குடிச்சேன்," என்றேன் நான்.

"நீ சித்த சும்மா இரு புள்ள. காப்புக் கட்டுன அன்னைக்கே டப்பாவுல அசைவக் குறி இருந்தத நான் பார்த்துட்டனுங்க. அவளே பார்க்கச் சொன்னா, பார்த்தேன். ரெண்டு டப்பாவையும் காலி பண்ணி, ஆரஞ்சு குளுக்கோசும் பால் பவுடரும் கலந்து ரொப்பி வெச்சேன். அன்னையிலிருந்து இவ குடிச்சது அதுதானுங்க. பச்சப் புள்ளைக்கே குடுக்கலாமுங்க."

வாத்தியார் சந்தேகமாகப் பார்த்தார். "அப்பறம் அந்த மருந்து எங்கீங்க போச்சு?"

இவர் ரோட்டைக் காட்டினார். வீட்டிலிருந்து மொபெட்டுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறான் வெள்ளையன். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பட்டு மாதிரி முடி பறக்க மைதானத்துக்குள் பாய்ந்து, எங்கள் வட்டத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி என் காலடியில் வந்து நின்றான். எழுந்து நிற்கவே முடியாமல் கிடந்த நாய்! ஆரஞ்சு வாசம் ஊருக்கே அடித்தது.

முதலில் சிரித்தது பாவாத்தாள். பிறகு மைதானமே சிரித்தது. வாத்தியார் மைக்கை எடுத்தார்.

"வெரதம் தப்புனது நாயிதானுங்க. அதுக்கு அரங்கேத்தத்துல எடமில்ல. அம்மிணிக்கு உண்டுங்க. சேலைய எடுத்துக்குங்கொ."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லுல?"

"சொன்னா நீ பேர வெட்டிட்டு வந்திருப்ப. நீ அத நம்புன. நம்பிக் கால நீட்டி மடக்குன. டாக்டரு சொன்னப்ப ஒரு நாளாச்சும் செஞ்சியா?"

"டப்பாவுல போட்டிருக்குதுன்னுதான செஞ்சேன்!"

"அது நான் போட்டது."

"எண்ணெ தேய்க்கச் சொன்னது?"

"அதும் நாந்தான்."

நாற்பது வருஷம் ஊரார் பாலில் கலப்படம் பிடித்த மனுஷன், பெண்டாட்டி டப்பாவில் கலப்படம் செய்திருக்கிறார். ஒரு நாள் விடாமல். பச்சை ரவிக்கை ஏன் ஏறவில்லை என்றும் தெரிந்துபோனது. கோபம்தான். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோபப்பட்டேன்.

மார்ச் 28, சனி

காலையில் முட்டி வலித்தது. கொஞ்சம்தான். முந்தாநாள்வரை உள்ளே மருந்து இருக்கிறது என்று ஒரு தைரியம். இப்போது உள்ளே இருப்பது நான் மட்டும். நாளைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டால்? பயமாக இருக்கிறது, சொல்வதற்கென்ன.

இவர் சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றார். தப்பு செய்த பையன் மாதிரி.

"கலக்கட்டுமா?"

"கலக்குங்க," என்றேன். குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினேன்.

மார்ச் 30, திங்கள்

ஆடிவிட்டேன்.

மைதானம் முழுக்க ஜனம், வெளிச்சம், மஞ்சள் சேலை. வேடனாக வருகிற பாட்டு, வேங்கை மரமாக நிற்கிற பாட்டு எல்லாம் நன்றாகப் போயின. கிழவன் வேஷத்தில் முருகன் வந்து பசிக்கிறது என்பான், வள்ளி தேனும் தினைமாவும் கொடுப்பாள். அந்தப் பாட்டில் குனிந்து நிமிர்ந்தபோது கூட்டத்தில் இவரைப் பார்த்துவிட்டேன். முன்னால் நிற்கிறார், கையில் ஒரு பாட்டில், உள்ளே ஆரஞ்சுத் தண்ணீர். எனக்குச் சிரிப்பு வந்து ஒரு அடி தப்பியது. பாவாத்தாள் இடித்தாள்.

யானை வருகிற பாட்டில் முட்டி பேச ஆரம்பித்தது. நன்றாகவே பேசியது. வாத்தியாருக்குக் கை காட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும், அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இவர் வந்து பாட்டிலைக் கொடுத்தார். குனிந்து, அத்தனை ஜனத்துக்கு முன்னால், என் காலை எடுத்து நீட்டினார், மடக்கினார், நீட்டினார். கொங்கு நாட்டில் எந்தப் புருஷன் செய்வான்?

கல்யாணக் கும்மிக்குத் தாளம் மாறியது. எழுந்தேன். முன்வரிசையில் என் இடம் காலியாக இருந்தது, பாவாத்தாள் யாரையும் விடவில்லை. வலித்தது. வலியோடு துள்ளினேன், வலியோடு திரும்பினேன், வள்ளியைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் நின்றேன். அப்பா பார்த்திருக்க வேண்டும்.

நேற்றோடு விரதம் முடிந்தது. இன்று விடிந்ததும் இவர் ஆட்டுக்கால் வாங்கக் கிளம்பிவிட்டார். வெள்ளையன் மொபெட்டுக்கு முன்னால் ஓடுகிறான். லாவண்யா போன் செய்தாள், அடுத்த டப்பா அனுப்பட்டுமா என்று. ஒன்று போதும், கொத்தனார் வேண்டாம் என்றேன்.

"முட்டிக்குங்களாக்கா, மூஞ்சிக்குங்களா?"

"வாலுக்கு," என்றேன்.

இவர் கிளம்பும் முன் மேஜைமேல் டம்ளரைக் கலக்கி மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கும்மிப் பாட்டில் வள்ளி கிழவனுக்கு மாவு கொடுக்கிறாள். எங்கள் வீட்டில் கிழவர் எனக்குக் கொடுக்கிறார். இனிப்பு கொஞ்சம் அதிகம். குடித்துவிட்டேன்.